நின்றுபோன புல்லட்டை உதைப்பதற்கு முன்

ஏழெட்டு வருடம் தார்ப்பாய்க்கு அடியில் நின்ற ஒரு பழைய புல்லட் 350-ஐ வீட்டிலேயே பிரித்து, நெடும்பயணத்துக்குத் தயார் செய்த வேலை வரிசை இது. வார்ப்பிரும்பு எஞ்சின், வலது காலில் கியர், தீப்பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கும் சி.பி. பாயிண்ட், 12 வோல்ட். 346 சி.சி., போர் (சிலிண்டர் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 90 மி.மீ., 18 குதிரைத்திறன். 1955-இல் சென்னையில் தயாரிப்பு தொடங்கியதிலிருந்து அடிப்படை பெரிதாக மாறாத எஞ்சின் என்பதால் உதிரிபாகம் இன்றும் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கிடைக்கிறது. கிடைப்பதெல்லாம் பொருந்தாது. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் வெர்னியர் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வண்டியைக் கண்டதும் எல்லோருக்கும் கிக்கர் மேல்தான் கால் போகும். அங்கேதான் செலவு இரட்டிப்பாகிறது. புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி தனியாக இல்லை. கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) இருக்கும் கிராங்க் கேஸின் பின்பகுதியே தொட்டி. மாதக்கணக்கில் நின்றால் தொட்டி எண்ணெய் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் வெண்புகை, பிரீதர் குழாயில் எண்ணெய். அது பரவாயில்லை, துடைத்துவிடலாம். தேங்கிய எண்ணெயோடு சேர்ந்து ஓடும் துருவும் கசடும்தான் ஆபத்து. அதனால் முதல் வேலை அடியில் உள்ள வடிகால் போல்ட்டுகளைக் கழற்றுவது. தொட்டிக்கு ஒன்று, கிராங்க் கேஸுக்கு ஒன்று. வடிந்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்க்க வேண்டும். வெண்கல நிறத்தில் மினுக்கினால் பிக் எண்ட் புஷ், அதாவது கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்தின் தாங்கி, தேய்கிறது என்று அர்த்தம். எஞ்சினை முழுதாக இறக்காமல் வழியில்லை.

பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விட்டோம். மறுநாள் சிலிண்டரின் அழுத்தத்தை விடும் டீகம்ப்ரஷரைப் பிடித்துக் கிக்கரைக் கையால் தள்ளியபோது பிஸ்டன் நகர்ந்தது. நகராவிட்டாலும் கால் வைத்து ஏறக் கூடாது; ரிங் உடையும்.

ஹெட்டும் பேரலும் (சிலிண்டர்) இறங்கியதும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் ஆடுவது இயல்பு. அதைக் காட்டி 'ராடு போச்சு' என்பவர்களை நம்ப வேண்டாம். இந்த எஞ்சினில் பிக் எண்டில் இருப்பது மிதக்கும் புஷ். எண்ணெய் ஒழுங்காகப் போனால் நீண்ட நாள் உழைக்கும். நீடில் ரோலர் கிட் போடுவதும் உண்டு. தினமும் எண்பது கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட்டாதவருக்கு அது தேவையில்லை என்பது எங்கள் கணக்கு.

லேத்தில் போரிங் கொடுக்கும்போது புது பிஸ்டனையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பிஸ்டனின் கீழ்ப்பக்கமான பாவாடைப் பகுதிக்கும் சிலிண்டருக்கும் நடுவே மூன்று முதல் நான்கு தவு (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.075 முதல் 0.1 மி.மீ. இடைவெளி வேண்டும். சின்ன பைக்குகளுக்கே பழகிய லேத்காரர் இரண்டு தவு வைத்து 'டைட்டா இருக்கு, நல்லா இழுக்கும்' என்பார். வார்ப்பிரும்புப் பேரல் சூட்டை மெதுவாகத்தான் விடும்; அலுமினிய பிஸ்டன் அதற்குள் விரிந்துவிடும். முதல் மேட்டிலேயே பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது எண்ணெய் பம்புகளை மூடியிருக்கும் டைமிங் கவர். வீட்டு வேலையில் அதிகம் கெட்டுப்போகும் இடம் இது. கிராங்க் முனையில் பம்புகளை ஓட்டும் வார்ம் நட்டுக்கு இடது மரை. தெரியாமல் வழக்கம்போலச் சுற்றினால் நட்டு இன்னும் இறுகும், பிறகு உளியும் சுத்தியலும் வரும். பம்ப் இரண்டு: ஒன்று எண்ணெயை அனுப்புவது, மற்றது திரும்ப இழுப்பது. இரண்டின் வட்டத் தட்டுகளையும் மிக நுண்ணிய கிரைண்டிங் பேஸ்ட் தடவி, எட்டு வரைவதுபோலத் தேய்த்து, சீராகச் சாம்பல் நிறம் வரும்வரை படிய வைத்தோம். பிறகு பெட்ரோலில் நன்றாகக் கழுவ வேண்டும். பேஸ்ட் துளி தங்கினாலும் புஷ்ஷைத் தின்றுவிடும். கவரின் உட்புறத்தில் கிராங்குக்கு எண்ணெய் நுழையும் துளையில் ஒரு சிறு சீல் உண்டு. பத்து ரூபாய் சமாச்சாரம். அது மடங்கி உட்கார்ந்தால் பிக் எண்டுக்கு எண்ணெய் போகாது, வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

மாட்டி முடித்ததும் 20டபிள்யூ50 எண்ணெய் சுமார் இரண்டேகால் லிட்டர். ஊற்றியவுடன் ஸ்டார்ட் செய்யக் கூடாது. டைமிங் கவரின் கீழ்ப்பக்கம் உள்ள ஃபீட் திருகாணியைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் எண்ணெய் வடியும்வரை காத்திருந்து மூட வேண்டும். பிளக் இல்லாமல் முப்பது நாற்பது தடவை கிக் செய்தோம். ஹெட்டுக்குப் போகும் ராக்கர் குழாயில் எண்ணெய் வந்ததைப் பார்த்து மட்டும் திருப்திப்படக் கூடாது. அது திரும்பும் பம்பின் வேலை. பிக் எண்டுக்குப் போகும் பாதை வேறு.

டேப்பெட் (வால்வைத் தள்ளும் புஷ் ராடின் இடைவெளி) வைக்க எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்க வேண்டும். புஷ் ராடு விரலால் சுலபமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தேவையில்லை. பாயிண்ட் இடைவெளிக்குத்தான் கேஜ்: 0.35 முதல் 0.40 மி.மீ. டைமிங், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பு பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்ட் இடையில் சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைச் செருகி, அது வழுக்கி வரும் நொடியைப் பிடிப்பது பழைய மெக்கானிக் வழி. பல்பு வைத்துப் பார்த்தாலும் அதே விடைதான். அட்வான்ஸ் கூடினால், அதாவது தீப்பொறி இன்னும் முன்னதாக வந்தால், கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்கால் வீங்கும்.

இடது பக்க செயின் கேஸை ஒரே ஒரு நடு நட்டுத்தான் பிடித்திருக்கிறது. ஒழுகுகிறது என்று அதை மேலும் மேலும் இறுக்கினால் கவர் வளைந்து இன்னும் ஒழுகும். புது ரப்பர் சீல், கை பலத்துக்கு நட்டு, உள்ளே 420 மி.லி. எண்ணெய், அவ்வளவுதான். உள்ளிருக்கும் மின்னாக்கியின் ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் நடுவே சுற்றிலும் 0.2 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்த பிறகே மூட வேண்டும். கியர் பாக்ஸுக்கு வெறும் எண்ணெய் ஊற்றினால் தரையில்தான் நிற்கும்; கிரீஸும் 90 கிரேடு கியர் எண்ணெயும் கலந்து போட்டால் தங்கும்.

டேங்க் துருவுக்கு வெள்ளை வினிகர் நிரப்பி இரண்டு நாள், நடுநடுவே பழைய செயின் துண்டைப் போட்டுக் குலுக்கல், பின் சமையல் சோடாத் தண்ணீர், கடைசியில் பெட்ரோலில் அலசல். இதைப் பெயிண்டுக்கு முன் செய்ய வேண்டும். தங்கக் கோடுகளை ஸ்டிக்கராக ஒட்டாமல், கையால் வரையும் போர்டு ஆர்ட்டிஸ்ட் கிடைத்தால் விடாதீர்கள். தொழிற்சாலையிலும் அவை தூரிகையால் வரையப்பட்டவையே.

இனி பயண மாற்றங்கள். கியர் பாக்ஸில் செயினை ஓட்டும் ஸ்பிராக்கெட் 16 பல். 17 போட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் நிதானமாக ஓடும். 18 போட்டுவிட்டு, இரண்டு பேரும் மூட்டையுமாகக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் கிளட்ச் வாசனை வரும். பின் ஸ்பிராக்கெட் பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்த்தது என்பதால் பின்னால் பல் மாற்றுவது செலவு, முன்னாலேயே மாற்றுங்கள். பக்கப் பெட்டிக்கான கேரியரை ஃபிரேமில் துளை போட்டோ வெல்டிங் வைத்தோ பிடிக்காமல், பழைய போல்ட் இடங்களில் கிளாம்ப் போட்டுக் கட்டினோம். எடை முடிந்தவரை முன்னாலும் கீழேயும் இருக்க வேண்டும். ஹெட்டையும் ஃபிரேமையும் இணைக்கும் சிறு தகட்டைப் பலர் திரும்ப மாட்டுவதில்லை. அது இல்லாமல் ஓடினால் அதிர்வில் கேரியர் முதலில் விரியும், பிறகு ஃபிரேம். டயர் காற்று முன்னால் 18 பி.எஸ்.ஐ., பின்னால் 28. ஆள் ஏறினால் 30.

சைலன்சரைத் தொடவில்லை. தயாரிப்பாளர் அளவிலிருந்து விலகும் மாற்றத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. நிறம் மாறினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 15 வருடம் கடந்த வண்டிக்குப் படிவம் 25-இல் புதுப்பித்தல். அது ஐந்து வருடத்துக்குச் செல்லும். எஞ்சின், சேசிஸ் எண்களைப் பென்சிலால் அச்செடுப்பார்கள் என்பதால் அந்த இடங்களில் பட்டியும் பெயிண்டும் தடிமனாக ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் 500 கி.மீ. நாற்பது கி.மீ. வேகத்துக்குள், மூட்டை இல்லாமல். நூறு கி.மீ.யில் ஹெட் நட்டுகளை ஆறிய எஞ்சினில் மறுபடி இறுக்கி, டேப்பெட்டைத் திரும்ப வைத்தோம். ஐந்நூறில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, வடிந்ததை மறுபடி வெள்ளைத் துணியில் ஊற்றினோம். கறுப்பு இருந்தது, மினுக்கு இல்லை.