திரை மூடும்போது எந்தப் பாட்டு

“தம்பி, இது அவரின்ர செத்தவீடோ, பிள்ளையளின்ர செத்தவீடோ?”

செத்தவீட்டு நிகழ்ச்சிகளை நடத்திவைப்பது என் வேலை. அன்ரியின் கணவரின் செத்தவீட்டைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். பிள்ளைகள் தேத்தண்ணி போட உள்ளே போன நேரம் பார்த்து அன்ரி கேட்டார். குரலில் கோபமே இல்லை.

“ரெண்டு பேரின்ரயும்தான் அன்ரி” என்றேன். “சரி” என்றார். அந்தச் சரி சம்மதமா, சலிப்பா?

மகன் கேட்டது பெட்டியின் மேல் கொலிங்வுட் என்ற ஆஸ்திரேலியக் கால்பந்து அணியின் கறுப்பு வெள்ளை ஸ்கார்ஃப், கடைசியில் பெட்டியை மறைத்துத் திரை மூடும்போது அந்த கிளப்பின் பாட்டு. மெல்பேணுக்கு வந்த காலம் முதல் அப்பாவும் மகனும் ஒன்றாக மேட்ச் பார்த்தவர்கள். அன்ரி கேட்டது, செத்தவீட்டில் சுண்ணம் என்ற வாசனைப் பொடியை இடிக்கும்போது பாடும் சுண்ணப்பாட்டு மட்டும். இரண்டையும் வைத்தேன். தொடக்கத்தில் பெண்கள் சுண்ணம் இடிக்க, ஒரு ஐயா திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடினார். மண்டபத்துக்குள் நெருப்பு கூடாது என்பதால் பேரப்பிள்ளைகள் பற்றவைக்காத பந்தங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எண்ணெய் படாத வெள்ளைத் துணி, குச்சியில் சுற்றியபடியே இருந்தது. கடைசியில் கிளப் பாட்டு. அதுவரை அழாத மகன் அப்போதுதான் உடைந்து அழுதார். அன்ரி சேலைத் தலைப்பின் நுனியை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார்.

செத்தவீடு உயிரோடு இருப்பவர்களுக்காகத்தான் என்று நினைப்பவன் நான். மகனின் அழுகையை நினைத்தால் நான் செய்தது சரி. பொருள் புரியாத மந்திரத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டு வெறுமையாக வீடு போகும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அன்ரியின் விரல்களை நினைத்தால் அந்த நிச்சயம் போய்விடுகிறது. அவரும் உயிரோடு இருப்பவர்தானே?

ஆஸ்திரேலியாவில் கல்யாணம் நடத்திவைக்க அரசுப் பதிவு வேண்டும். சொல்ல வேண்டிய வாசகத்தைக்கூட 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் வகுத்திருக்கிறது. செத்தவீட்டை நடத்த அனுமதிப்பத்திரம் எதுவும் தேவையில்லை. எல்லாம் குடும்பத்தின் விருப்பம். அதை நான் சுதந்திரம் என்றுதான் நம்பி இந்த வேலைக்கு வந்தேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் ஊரில் எதற்குப் பிறகு எது என்று முறையே சொல்லிவிடும். துக்கத்தில் இருக்கும் ஒரு மனைவி தன் பிள்ளையோடு பாட்டுக்குப் போட்டி போட வேண்டியதில்லை.

இப்போதெல்லாம் திரை மூடும் நேரத்துக்கு என்ன வேண்டும் என்று துணைவரிடம்தான் முதலில் கேட்கிறேன். போன மாதம் ஒரு மகள், “ஏன் அம்மாவிடம் மட்டும் கேக்கிறீங்கள்?” என்றாள். அவளுக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை.