கச்சேரி சாலையைப் படமெடுத்துச் சேமித்தது எப்படி

மயிலாப்பூர் கச்சேரி சாலையின் அடியில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத் தடம் போகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் அந்தத் தடத்தில் கச்சேரி சாலைக்கும் திருமயிலைக்கும் நிலையங்கள் உண்டு. இத்தகைய பணி ஒரு பழைய தெருவுக்குள் நுழைந்துவிட்டால் அது முன்போலத் திரும்பி வராது. கடைகள் இடம் மாறும், மரங்கள் போகும், பெயர்ப்பலகைகள் புதிதாகும். லஸ் முனையிலிருந்து சாந்தோம் வரை இரு பக்கமும் உள்ள ஒவ்வொரு முகப்பையும் என் கணினியில் சேர்த்து வைக்க விரும்பினேன். அழகான படங்கள் எனக்குத் தேவைப்படவில்லை. எந்த இடம், எந்த நாள், எந்தத் திசை நோக்கி என்ற மூன்றும் ஒட்டியிருக்கும் படங்கள்தான் தேவை. இந்த மூன்றும் இல்லாவிட்டால், இருபது ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு அது ஏதோ ஓர் ஊரின் ஏதோ ஒரு தெரு.

முதலில் போனது, தெருக்களைச் சுற்றிப் பார்க்கும் படங்களாக வரைபடத்தில் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூவுக்கு. 2007இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தச் சேவை இந்தியாவுக்கு ஒழுங்காக வந்து சேர 15 ஆண்டுகள் ஆயின. 2011இல் பெங்களூரில் படமெடுக்கத் தொடங்கியபோது காவல்துறை நிறுத்தச் சொன்னது. பிறகு 2022 ஜூலையில், ஜெனெசிஸ் இன்டர்நேஷனல், டெக் மகிந்திரா ஆகிய இந்திய நிறுவனங்கள் எடுத்துக் கொடுத்த படங்களோடு பத்து நகரங்களில் வெளியானது. அவற்றில் சென்னையும் ஒன்று. ஆகவே 1990களின் கச்சேரி சாலையை அங்கே தேடிப் பயனில்லை. மெட்ரோ பணிக்கான தடுப்புகள் வருவதற்கு முந்தைய தோற்றம் கிடைத்தால் அதுவே பெரிது என்ற எண்ணத்தோடுதான் திறந்தேன்.

அதிலிருந்து படத்தைக் கணினியில் எடுத்து வைப்பது எளிது. உலாவியை எஃப் 11 அழுத்தித் திரை முழுக்க விரித்துக்கொண்டு, விண்டோஸில் 'விண்டோஸ், ஷிஃப்ட், எஸ்' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஸ்கிரீன்ஷாட் கிடைத்துவிடும். எழுத்துகள் கலங்காமல் இருக்கப் பிஎன்ஜி வடிவில் சேமிப்பது நல்லது. ஆனால் அப்படிச் சேமித்த கோப்புக்குத் தன்னைப் பற்றி எதுவுமே தெரியாது. அதில் இருக்கும் ஒரே தேதி, நாம் பொத்தானை அழுத்திய தேதிதான்.

அந்தக் குறையை நிரப்ப உலாவியின் முகவரிப் பட்டையே உதவுகிறது. ஸ்ட்ரீட் வியூ திறந்திருக்கும்போது அங்கே தெரியும் நீண்ட முகவரியில், 'அட்' (@) குறிக்குப் பிறகு வரும் முதல் இரண்டு எண்கள் அட்சரேகையும் தீர்க்கரேகையும். அடுத்து 'ஒய்' (y) எழுத்தோடு வருவது பார்வையின் அகலம். 'எச்' (h) எழுத்தோடு வருவது நாம் நோக்கும் திசை: வடக்கு பூஜ்யம், கிழக்கு 90, தெற்கு 180. 'டி' (t) எழுத்தோடு வருவது மேல்கீழ்ச் சாய்வு. படத்தோடு இந்த முகவரியையும், திரையின் ஓரத்தில் காட்டப்படும் மாதத்தையும் ஆண்டையும் ஒரு விரிதாளில் எழுதி வைத்தேன். அதே முகவரியில் படத்துக்கான ஓர் அடையாளக் குறியும் இருக்கிறது. அது காலப்போக்கில் மாறக்கூடியது என்பதால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. எண்களாக இருக்கும் இடக்குறிப்பு மாறாது.

இந்த வழியின் எல்லையும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. மொத்தமாகப் பதிவிறக்கி வைக்கக் கூகுளின் விதிமுறைகள் இடம் தருவதில்லை. நிரல் எழுதுவோருக்கான நிலைப்படச் சேவையில் வழக்கமான படத்தின் அளவு 640 புள்ளிகளைத் தாண்டாது. அந்த அளவில் கடைப்பலகையின் சிறிய எழுத்துகள் படிக்கக் கிடைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் படங்கள் நம்முடையவை அல்ல. நாளை ஒரு மாணவிக்கோ ஒரு பத்திரிகைக்கோ எடுத்துக் கொடுக்க முடியாத படத்தைச் சேமிப்பதில் எனக்கு நிறைவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, சாலையை நானே எடுக்க முடிவு செய்தேன்.

2021 பிப்ரவரியில் வெளியான மத்திய அரசின் புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள் இதற்குத் தெம்பு கொடுத்தன. தெருக்காட்சி அளவீட்டை இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் மட்டுமே செய்யலாம் என்கின்றன அவை. நாம் இந்தியக் குடிமக்கள். நம் தெருவை நாம் எடுக்கலாம். அந்தச் சாலையில் காவல் நிலையம் இருக்கிறது. அதைத் தாண்டும்வரை கேமராவைக் கீழே இறக்கிக்கொண்டேன். அங்கே நின்று விதியை விளக்கிக்கொண்டிருந்தால் காலை வெளிச்சம் போய்விடும்.

வெளிச்சம்தான் இந்த வேலையில் பாதி. கச்சேரி சாலை ஏறத்தாழ கிழக்கு மேற்காக ஓடுகிறது. காலையில் லஸ்ஸிலிருந்து சாந்தோம் நோக்கி நடந்தால் சூரியன் நேராக லென்ஸில் விழும். சாந்தோமில் தொடங்கி மேற்கே வந்தால் அது முதுகுக்குப் பின்னால் இருக்கும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் சாலையின் வடபுறக் கடைகளுக்கு நல்ல ஒளி கிடைக்கும், தென்புறம் நிழலில் கிடக்கும். தென்புறத்தை மேகம் மூடிய நாளில் எடுத்தபோதுதான் பலகைகள் தெளிவாக வந்தன. ஞாயிறு காலையில் முகப்பை மறைத்து நிற்கும் வண்டிகள் குறைவு, ஆனால் பல கதவுகள் மூடியிருக்கும். டப்பா செட்டி கடை போன்ற நாட்டு மருந்துக் கடையை மூடிய நிலையில் எடுத்து என்ன பயன்? அதனால் வார நாளிலும் நடந்தேன். இரண்டும் வேண்டும்.

செல்பேசியில் இருப்பிடப் பதிவை இயக்கிவிட்டு, ஜிபிஎஸ் நிலைகொள்ளச் சற்று நேரம் நின்ற பிறகே முதல் படத்தை எடுத்தேன். குறுக்குவாட்டில், தோள் உயரத்தில், சில அடிகளுக்கு ஒன்றாக, ஒரு படத்தின் விளிம்பு அடுத்த படத்திலும் வரும்படி எடுத்தேன். தகரத் தடுப்புகளுக்கு அருகே திசைகாட்டி தடுமாறுகிறது. இரும்பு அவ்வளவு பக்கத்தில் இருந்தால் அப்படித்தான். உயரமான கட்டடங்களுக்கு இடையே இருப்பிடமும் சில மீட்டர் தள்ளிப் பதிவாகிறது. இவற்றைப் பிறகு கணினியில் சரிசெய்யலாம்.

தெருவில் இருப்பவர்களிடம் பேசாமல் இதைச் செய்ய முடியாது. ஒரு கடை வாசலில் இருந்த பெரியவர், "கடையை எடுக்கப் போகிறார்களா தம்பி? அளவு பார்க்கவா வந்தீர்கள்?" என்று கேட்டார். மெட்ரோ வந்த பிறகு கேமராவோடு வரும் எவரையும் அந்தக் கவலையோடுதான் பார்க்கிறார்கள். "இல்லை ஐயா, தெரு இப்போது எப்படி இருக்கிறது என்று எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லி, செல்பேசித் திரையில் படங்களைக் காட்டினேன். எழுந்து வந்து, பலகையை மறைத்து நின்ற ஸ்கூட்டரைத் தள்ளி வைத்துவிட்டு, "இப்போது எடுங்கள்" என்றார்.

நுணுக்கமான முகப்புகளுக்கு ஜிபிஎஸ் இல்லாத தனிக் கேமராவையும் பயன்படுத்தினேன். செல்பேசியில் ஒரு செயலி நடந்த பாதையை ஜிபிஎக்ஸ் கோப்பாகப் பதிவு செய்துகொண்டிருக்கும். படத்தின் நேரத்தையும் பாதையின் நேரத்தையும் பொருத்தி, படத்துக்குள் இருப்பிடத்தை எழுதிவிடலாம். இலவச மென்பொருளான எக்ஸிஃப்டூல் இதை ஒரே கட்டளையில் முடித்துவிடும். கவனிக்க வேண்டியது நேரம். ஜிபிஎக்ஸ் கோப்பு உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகிறது, கேமராவோ நம் கடிகார நேரத்தில். நடுவே ஐந்தரை மணி நேரம். கணினியின் நேர மண்டலம் இந்தியாவாக இருந்தால் எக்ஸிஃப்டூல் தானே கணக்கிட்டுக்கொள்ளும். வேறு சில மென்பொருள்களில் நாம்தான் சொல்ல வேண்டும். கேமராவின் கடிகாரம் சில நொடிகள் முன்பின்னாக இருப்பதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. தொடங்கும்முன் செல்பேசியின் கடிகாரத்தையே கேமராவால் ஒரு படம் எடுத்துக்கொண்டால், வித்தியாசம் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

படங்களைக் கணினிக்குக் கேபிள் வழியாகவே மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்குவதோடு இருப்பிடத்தையும் எடுத்த நேரத்தையும் நீக்கிவிடும். நான் இவ்வளவு பாடுபடுவது அந்த இரண்டுக்காகத்தான். கோப்புப் பெயர்களை ஆண்டு, மாதம், நாள், மணி என்ற வரிசையில் எக்ஸிஃப்டூல் கொண்டே மாற்றினேன். மூலக் கோப்புறையைத் தொடாமல் வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்தேன்.

பிறகு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், இருப்பிடம் பதிந்த படங்களை உள்ளே கொண்டுவரும் கருவிக்குக் கோப்புறையைக் காட்டினேன். கச்சேரி சாலை முழுவதும் வரைபடத்தில் புள்ளிகளாக விரிந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் கோப்பின் இடம், நேரம், பதிவாகியிருந்தால் திசை எல்லாம் அட்டவணையில் இருக்கின்றன. கட்டடத்தின் மேல் போய் விழுந்த புள்ளிகளைச் சாலைக்கு இழுத்து வைப்பதும், தடுப்பருகே தவறாகப் பதிவான திசைகளைத் திருத்துவதும் பொறுமை கேட்கும் வேலை. எனக்கு அதுவே மிகவும் பிடித்த பகுதி. எந்தக் கடைக்கு அடுத்து எந்தச் சந்து என்று அப்போதுதான் மனத்தில் பதிகிறது.

செல்பேசிப் படங்களை, யாரும் தெருப்படங்களை ஏற்றக்கூடிய தளமான மாப்பிலரியிலும் ஏற்றினேன். 2013இல் சுவீடனின் மால்மோவில் தொடங்கி, 2020இல் ஃபேஸ்புக் வாங்கிய சேவை அது. அங்கே ஏற்றப்படும் படங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லாருக்கும் கிடைக்கின்றன. முகங்களும் வண்டி எண்களும் தானாக மங்கலாக்கப்படுகின்றன. கணினியில் அதற்கென்று ஒரு பதிவேற்றி இருக்கிறது. படங்கள் தளத்தில் தெரிய நேரமாகும். மற்றவர்கள் ஏற்றியவற்றை நிரல் மூலம் இறக்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது தரும் பட முகவரிகள் சில காலத்தில் காலாவதியாகிவிடும். முகவரியைச் சேர்த்து வைக்காமல் படத்தையே உடனே இறக்கிக்கொள்ளுங்கள். எடுத்த நேரத்தையும் திசையையும் கூடவே கேட்டு வாங்கி வையுங்கள்.

தளத்தில் இருப்பதை மட்டும் நம்பி மூலப் படங்களை அழித்துவிடக் கூடாது. என் மூலங்கள் இரண்டு வெளி வன்தட்டுகளில் இருக்கின்றன. ஒன்று வேறொரு வீட்டில். ஒவ்வொன்றிலும் விரிதாளும் ஜிபிஎக்ஸ் கோப்புகளும், எது எங்கே இருக்கிறது என்று தமிழில் எழுதிய ஓர் எளிய உரைக் கோப்பும் உண்டு. இப்போது, யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கச்சேரி சாலைக் கடைகளின் பெயர்களை இந்தப் படங்களைப் பார்த்துத் தமிழில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வடபுறம் முடிந்தது, தென்புறத்தில் பாதி மீதி இருக்கிறது.