ஆட்டுக் குளம்பு: எத்தனை நாளைக்கு ஒருக்கா?

ஆறு கிழமையிலிருந்து எட்டுக் கிழமைக்கு ஒரு தடவை வெட்ட வேண்டும் என்பது ஆடு வளர்க்கிற எல்லோரும் சொல்லும் கணக்கு. கணக்குச் சரிதான். ஆனால் கலண்டரைப் பார்க்கிறவர்கள் ஆடு நிற்கும் தரையைப் பார்ப்பதில்லை. குளம்பு எங்கள் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்த்துக் கொடுப்பது தரையின் வேலை.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடக்கும் எழுவான்கரையில், ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி தொடங்கிக் கீழே திருக்கோவில் வரைக்கும் மணல். மணல் ஆட்டுக்கு மெத்தை, தேய்க்காது. அங்கே வளவுக்குள் கட்டி வளர்க்கும் ஆட்டுக்கு ஆறு கிழமை தாண்ட விடக்கூடாது. பரண் கூட்டில் பலகைமேல் நிற்கும் ஆட்டுக்கு நாலைந்து கிழமையிலேயே நுனி நீண்டுவிடும். கட்டிலேயே நிற்கும் கிடாய்க்கும் அதே கதைதான். புல்லுமலைப் பக்கம் பாறையும் கல்லும் மிதித்து மேயும் ஆட்டுக்கு மூன்று மாதத்துக்குக் கத்தரியே தேவைப்படாமல் போகலாம். வளவுக்குள் நாலு கருங்கல்லையோ உடைந்த கொங்கிறீட் துண்டையோ குவித்து வைத்தால் ஆடு ஏறி விளையாடும், பாதி வேலை தானாக நடக்கும்.

வருடத்தில் ஒரு தடவைதான் வெட்ட முடியும் என்றால் ஒக்டோபரில் வெட்டுங்கள். நவம்பரில் மாரி பிடித்தால் ஜனவரி வரைக்கும், வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் கால் வைக்கும் இடமெல்லாம் சேறு. நீண்ட குளம்பின் ஓரம் உள்ளே மடிந்து ஒரு பை மாதிரி ஆகிவிடும். சேறும் புழுக்கையும் அதற்குள் அடைபட்டுக் காற்றில்லாமல் கிடக்கும்போதுதான் குளம்பழுகல் கிருமி வளரும். மாரிக்குள் நுழையும்போது அந்தப் பை இல்லாமல் இருக்க வேண்டும்.

வெட்டுவதற்குத் தனி ஆயுதம் தேவையில்லை. றோஸ் செடி வெட்டும் கூர்க் கத்தரி, சின்னக் கத்தி, ஒரு அரம் போதும். மழுங்கிய கத்தரிதான் ஆபத்து. அழுத்தி வெட்டும்போது குளம்பு நசியும், கை வழுக்கும். கோடையில் குளம்பு கல்லாகக் கிடக்கும். ஈரச் சாக்கின்மேல் கால் மணித்தியாலம் நிற்கவிட்டால் இளகும்.

ஆட்டைத் தூணோடு கயிறு குட்டையாகக் கட்டி, விலாவோடு ஒட்டி நின்றுகொள்ளுங்கள். காலைப் பின்பக்கமாக மடக்க வேண்டும். வெளிப்பக்கம் இழுத்தால் மூட்டு நோகும், ஆடு துள்ளும். முதலில் அழுக்கைச் சுரண்டி இரண்டு குளம்புக்கும் நடுவே பாருங்கள். அறுவடைக்குப் பிறகு வயலில் மேய்ந்தால் வைக்கோல் தாளோ முள்ளோ அங்கே குத்திக்கொண்டிருக்கும். பிறகு அடிக்கு மேலே மடிந்திருக்கும் ஓரத்தைக் குதியிலிருந்து நுனிநோக்கி, அடியோடு மட்டமாகும்வரை வெட்டுங்கள். ஓரத்துக்கும் அடிக்கும் இடையில் கறுத்த அழுக்கு ஓடியிருந்தால், அந்தப் பை திறபடும்வரை ஓரத்தைக் குறைக்க வேண்டும். அதன் பிறகுதான் நுனி. அதையும் ஒரே வெட்டில் எடுக்காமல், கருவாடு சீவுவதுபோல மெல்லிசாகச் சீவ வேண்டும். வெள்ளை அடியில் இளஞ்சிவப்பு தட்டினால் அதோடு நிறுத்துங்கள். அடுத்த சீவலில் இரத்தம்தான். கறுத்த குளம்பில் அந்தச் சிவப்புத் தெரியாது. ஒவ்வொரு சீவலுக்கும் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் அமுங்கினால் போதும். குதி உயர்ந்திருந்தால் அதையும் மட்டமாக்கி, காலைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மயிர் முடிகிற கோடும் குளம்பின் அடியும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருந்தால் வேலை சரி.

மாதக்கணக்கில் விட்டு, செருப்பு நுனிபோல வளைந்த குளம்பை ஒரே நாளில் நேராக்கப் பார்க்காதீர்கள். உள்ளே இரத்தம் ஓடும் சதையும் நுனியோடு சேர்ந்து நீண்டிருக்கும். கொஞ்சம் எடுத்து, இரண்டு மூன்று கிழமை விட்டு, மறுபடி எடுக்க வேண்டும். துளி இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்தி, அயடீன் பூசி, ஒரு நாள் காய்ந்த தரையில் வைத்திருங்கள். மண் ஏறினால் ஏற்புவலி பிடிக்கும், இலையான் இருந்தால் புழு வைக்கும். குட்டி போட ஒரு மாதம் இருக்கும் மறியைப் பிடித்து மடக்கவே வேண்டாம்.

ஓரம் அடியிலிருந்து கழன்று, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம் அடித்தால் அது குளம்பழுகல். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். அழுகியதையெல்லாம் வெட்டி எறிந்தால் ஆறும் என்று நினைத்து இரத்தம் வர வெட்டுவார்கள், புண் ஆற இன்னும் நாள் பிடிக்கும். அந்த ஆட்டைப் பிரித்துக் கட்டி, ஊசிக்குக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். வெட்டும் வேலை புண் ஆறிய பிறகு. மற்ற ஆடுகளுக்கு, வயலுக்குப் போடும் சிங்க் சல்பேற் 1 கிலோவை 10 லீற்றர் தண்ணீரில் கரைத்து, குளம்பு முழுதும் மூழ்கும் ஆழத்தில் கால் மணித்தியாலம் நிற்கவிடலாம். குடிக்க விடாதீர்கள். இறங்கியதும் சேற்றில் விட்டால் மருந்து கழுவிப்போய்விடும், ஒரு மணித்தியாலமாவது காய்ந்த தரையில் நிற்கட்டும். கத்தரியை ஆட்டுக்கு ஆடு ஸ்பிரிற்றால் துடையுங்கள், வெட்டிய துண்டுகளைக் கூட்டி எரியுங்கள்.

நொண்டுகிற ஆடெல்லாம் குளம்பழுகல் வந்த ஆடு இல்லை. ஒரே நேரத்தில் நாலைந்து ஆடு நொண்டினால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்து பாருங்கள். முரசிலோ நாக்கிலோ கொப்புளம் இருந்தால், குளம்பின் மேல்விளிம்பிலும் அதே கொப்புளம் இருந்தால், அது காலிலும் வாயிலும் வரும் கால்வாய் நோயாக இருக்கலாம். பட்டியை வெளியே விடாமல் அன்றைக்கே கால்நடை வைத்தியருக்குச் சொல்லுங்கள்.