பிஎஸ் கட்டளையில் தெரிந்த என் கடவுச்சொல்

தண்டையார்பேட்டையில் மாலை நேரக் கணினி வகுப்பொன்றில் பாடம் எடுக்கிறேன். இருபது மாணவர்களுக்கும் ஒரே லினக்ஸ் சர்வர்தான். ஆளுக்கொரு கணக்கு உண்டு. சென்ற மாதம் ஒரு மாணவர், "சார், உங்க டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இதுதானா?" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். அவர் எதையும் உடைக்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையை மட்டுமே தட்டியிருந்தார். பேக்கப் எடுப்பதற்காக நான் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தொடங்கும் கட்டளையிலேயே சோம்பேறித்தனமாக நான் சேர்த்திருந்த கடவுச்சொல், அந்த வரியின் கடைசியில் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் நின்றது.

லினக்ஸில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், ப்ராக் என்ற கோப்பகத்துக்குள் அதன் எண்ணையே பெயராகக் கொண்ட ஓர் உட்கோப்பகம் இருக்கும். பிஎஸ், டாப் போன்ற கருவிகள் அங்கிருந்துதான் படிக்கின்றன. நிரலுக்குக் கொடுக்கப்படும் அமைப்பு மதிப்புகளான சூழல் மாறிகளைக் கொண்ட என்விரான் கோப்பை உரிமையாளரும் ரூட் எனும் நிர்வாகிக் கணக்கும்தான் பொதுவாகத் திறக்க முடியும் என்றாலும், கட்டளை வரியைக் கொண்ட சிஎம்டிலைன் கோப்பு வழக்கமான அமைப்பில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. ராயபுரத்து ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவனுக்கு இது புரியாத ஏற்பாடன்று: சுவர் இருக்கும், ஆனாலும் பக்கத்துப் போர்ஷனில் இன்று என்ன குழம்பு என்பது அனைவருக்கும் தெரியும்.

இதற்கென்றே, லினக்ஸின் மையமான கெர்னலின் 2012இல் வந்த 3.3 பதிப்பில், ப்ராக்கை இணைக்கும்போது கொடுக்கக்கூடிய ஹைட்பிஐடி என்ற மவுண்ட் விருப்பம் சேர்ந்தது. அதற்கு 1 என்று கொடுத்தால் பிறருடைய ப்ராசஸ் கோப்பகங்கள் கண்ணில் படும், உள்ளே நுழைய முடியாது. 2 என்றால் அவை பட்டியலிலேயே தோன்றா. நான் 2 கொடுத்தேன். உடனே, தனிக் கணக்கில் ஓடிய கண்காணிப்பு நிரல் தன்னைத் தவிர எதையும் காணாமல் விழித்தது. ஒரு குழுவுக்கு மட்டும் விலக்களிக்கும் ஜிஐடி விருப்பத்தைச் சேர்த்த பிறகே சரியானது. சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள கணினிகளில் உள்நுழைவைக் கவனிக்கும் சேவைகளும் இந்தத் தடையால் தடுமாறுவதுண்டு என்பதால், கண்ணை மூடிக்கொண்டு இதைப் போடக் கூடாது. கடவுச்சொல்லையும் மாற்றி, நான் மட்டுமே படிக்கக்கூடிய 600 அனுமதியுள்ள கோப்புக்கு நகர்த்தினேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

மறுநாள் அதே மாணவர் வந்தார். கில் கட்டளையில், ப்ராசஸை நிறுத்தாமல் அது இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும் 0 என்ற சிக்னலைக் கொடுத்து, ஒவ்வோர் எண்ணாகத் தட்டிப் பார்த்திருக்கிறார். இல்லாத எண்ணுக்கு "அப்படியொரு ப்ராசஸ் இல்லை" என்றும், மறைத்துவைத்த எண்ணுக்கு "அனுமதி இல்லை" என்றும் பதில் வந்திருக்கிறது. "ஆள் உள்ளேதான் இருக்காங்க சார், கதவைத்தான் திறக்க மாட்டேங்கறாங்க" என்றார்.