ஃப்ரீஸருக்குள் ஒரு பேட்டரி

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. வீட்டில்தான் இருந்தேன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து தம்பி வீடியோவில் வந்தான். பழைய ஹையேஸ் வேனில் கட்டில், அடுப்பு, டீசல் ஹீட்டர் எல்லாம் பொருத்தி முடித்துவிட்டானாம். ஜூலை பள்ளி விடுமுறையில் மனைவி, மகளோடு டெக்காப்போ ஏரிப் பக்கம் நான்கு இரவு தங்கப் போகிறார்கள். அங்கே ஜூலை என்றால் நடுக் குளிர்காலம். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து, ஆறு டிகிரி போவது சாதாரணம்.

கேமராவைத் திருப்பிப் பேட்டரியைக் காட்டினான். 12 வோல்ட் (சரியாகச் சொன்னால் 12.8), 100 ஆம்பியர்-மணி, லித்தியம் இரும்பு பாஸ்பேட். பின்கதவை ஒட்டி வெறும் தகரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

"குளிர் பாதுகாப்பு இருக்கா டா?"

"இருக்குன்னு கடைக்காரர் சொன்னார் அண்ணே."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சரியாகத் தூங்கவில்லை. கோலாலம்பூர் செந்தூலில் இருபது வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். பேட்டரி சூட்டில் வீங்கிக் கெட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன், குளிரில் கெட்டதை ஒரு தடவையும் பார்த்ததில்லை. நம் நாட்டில் எங்கே பார்ப்பது? கேமரன் மலையில் 1978-இல் பதிவான மிகக் குறைந்த அளவே 7.8 டிகிரிதான்.

பகல் முழுக்க உட்கார்ந்து படித்தேன். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுந்து உட்கார வேண்டும். குளிரில் அந்த வேலை மந்தமாகிவிடும். சார்ஜரோ விடாமல் தள்ளும். உள்ளே போக முடியாத அயனிகள் கிராஃபைட்டின் மேல்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அதில் ஒரு பகுதி மறுபடி வேலைக்கு வராது, பேட்டரியின் கொள்ளளவு அந்த அளவுக்கு நிரந்தரமாகக் குறைந்துவிடும். படிவு ஊசி ஊசியாக வளர்ந்தால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகவும் கூடும். அதனால்தான் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றாதே என்கிறார்கள். எடுத்துப் பயன்படுத்துவது வேறு விஷயம். மைனஸ் 20 வரை எடுக்கலாம், கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

என்னைப் பயமுறுத்தியது இந்தச் சேதம் அன்றைக்குத் தெரியாது என்பதுதான். காலையில் தம்பி எஞ்சினைப் போடுவான், எஞ்சின் பக்கத்து மின்சாரத்தை இந்தப் பேட்டரிக்கு ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் 30 ஆம்பியர் தள்ளும், திரையில் எல்லாம் நன்றாகவே தெரியும். ஹீட்டரின் விசிறியும் அதைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கும் இந்த ஒரே பேட்டரியில்தான் ஓடுகின்றன. நான்கு வயதுப் பிள்ளை அந்த வேனில் தூங்கப் போகிறாள்.

ஜூன் 14, சனி

மச்சான் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கோழிப் பொரியல் கடை போடுகிறார். விளக்குக்கு இதே அளவு லித்தியம் பேட்டரிதான் வைத்திருக்கிறார், மூன்று வருடப் பழசு. அவர் வீட்டுக் கோழி ஃப்ரீஸர் இந்த வாரம் காலி. இரண்டையும் ஒரு நாளைக்குக் கேட்டேன். "வெடிக்காதே?" என்று மட்டும் கேட்டார். விளக்கிச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

காலை ஆறு மணிக்கு உள்ளே இறக்கினேன். பதினொரு கிலோ. வெப்பமானியின் கம்பியைப் பேட்டரியின் உடம்பில் டேப் போட்டு ஒட்டினேன். பதினொரு மணிக்கு மைனஸ் 5.

முதலில் 10 ஆம்பியர் சுமை கொடுத்தேன். சாதாரணமாக 13.2 வோல்ட் காட்டுவது 12.9-க்கு இறங்கி அங்கேயே நின்றது. குறை சொல்ல முடியாது.

அப்புறம் சார்ஜரை மிகக் குறைந்த அளவில், 2 ஆம்பியரில் வைத்து மாட்டினேன். குளிரில் தானாகவே சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு இருந்தால் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். மீட்டர் 2 என்றது. பத்து நொடிக்குள் பிடுங்கிவிட்டேன். கை நடுங்கியது என்றே சொல்லலாம்.

பெட்டியின் மேல் 'குறைந்த வெப்பநிலைப் பாதுகாப்பு' என்று அச்சடித்திருக்கிறது! கூட வந்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்த பிறகுதான் புரிந்தது. மைனஸ் 20-இல் வெளியே போகும் மின்சாரத்தை நிறுத்துமாம். சார்ஜை நிறுத்துவது பற்றி ஒரு வரியும் இல்லை. கடையில் 'குளிர் பாதுகாப்பு இருக்கா' என்று கேட்டால் இதற்கும் 'இருக்கு' என்றுதான் பதில் வரும். எத்தனை டிகிரியில் சார்ஜை நிறுத்தும், எத்தனை டிகிரியில் மறுபடி விடும் என்று கேட்க வேண்டும்.

வெளியே எடுத்ததும் ஐஸ் போத்தல் மாதிரி உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. முனைகளைத் துடைத்து, மாலைவரை காயவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா பக்கத்திலிருந்து, "நல்லதா ஒண்ணு வாங்கி யாராவது போறவங்க கையில குடுத்து விடேன்" என்றார். பயணிகள் விமானத்தில் எடுத்துப்போக 160 வாட்-மணிதான் உச்சவரம்பு, அதற்கே விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். இது 1,280. அங்கேயே சரிபார்க்க வேண்டியதுதான்.

ஜூன் 21, சனி

இன்று விடியலில் கிறைஸ்ட்சர்ச்சில் வேன் மேல் வெள்ளையாக உறைபனி. ப்ளூடூத் செயலியில் பேட்டரி மைனஸ் 1. நான் சொன்னபடி குறைந்த அளவில் சார்ஜரை மாட்டினான். பூஜ்யம் ஆம்பியர். ஐந்து நிமிடம் காத்திருந்தும் பூஜ்யம்.

அவனுடையது உண்மையிலேயே நிறுத்துகிறது. எனக்கு இங்கே அதிகாலை, அப்படியே சாமி படத்தின் முன் போய் நின்றேன்.

ஆனால் பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது. நிறுத்திவிட்டால் பேட்டரி பிழைக்கும், ஆனால் நிரம்பாது. பதினொரு கிலோ பொருள் இரவெல்லாம் குளிர்ந்தால் காலை வெயிலில் சட்டென்று சூடேறாது. பின்கதவு ஓரத்திலிருந்து எடுத்து, கட்டிலுக்கு அடியில், ஹீட்டர் காற்று வரும் பக்கம் வைக்கச் சொன்னேன். அடியில் தடித்த நுரைப் பலகை. மனிதர்கள் தூங்கும் சூட்டிலேயே அதுவும் இருக்கட்டும்.

ஜூன் 28, சனி

புடு சாலான் பாசாரில் 40 வாட் சூடாக்கும் பட்டையும் சின்னத் தெர்மோஸ்டாட்டும் வாங்கினேன். மறுபடி மச்சானின் ஃப்ரீஸர். பட்டையைப் பேட்டரியோடு நேராக ஒட்டினால் ஒரே இடம் சுடும். நடுவில் அலுமினியத் தகடு வைத்து, சுற்றி நுரை கட்டினேன். மைனஸ் 5-இலிருந்து 5 டிகிரிக்கு வர ஒரு மணி பத்து நிமிடம். செலவு சுமார் 47 வாட்-மணி, முழுக் கொள்ளளவில் நான்கு சதவீதம்கூட இல்லை. படம் வரைந்து அனுப்பினேன், அங்கேயே பட்டை வாங்கி இதேபோல் கட்டிவிட்டான்.

ஜூலை 2, புதன்

கடைசியில் ஒன்று கண்ணில் பட்டது. சோலார் பலகைகள் இரண்டையும் தொடராக இணைத்திருக்கிறான். சுமை எதுவும் இல்லாதபோது இரண்டும் சேர்ந்து 45 வோல்ட், 25 டிகிரியில். குளிரில் பலகையின் வோல்ட்டேஜ் ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.3 சதவீதம். மைனஸ் 5-இல் 49. பலகைக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் அவனுடைய கன்ட்ரோலர் தாங்குவது 50. வோல்ட்டேஜ் கூடிக்கொள்ளாத பக்க இணைப்புக்கு மாற்றச் சொன்னேன், அன்றே மாற்றிவிட்டான்.

ஜூலை 6, ஞாயிறு

டெக்காப்போவில் முதல் இரவு. வெளியே மைனஸ் 7. காலை அங்கே ஏழு மணிக்கு (இங்கே மூன்று, நான் விழித்துத்தான் இருந்தேன்) படம் அனுப்பினான். பேட்டரி 9 டிகிரி, சார்ஜ் 74 சதவீதம். ஹீட்டர் இரவு முழுக்க நிற்காமல் ஓடியிருக்கிறது. பட்டைக்கு வேலையே வரவில்லையாம். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பச்சை விளக்கையும் தனியாகப் படம் எடுக்கச் சொல்லிப் பார்த்தேன்.

பத்தரை மணிக்கு வெயில் பட்டு 6 ஆம்பியர் ஏறத் தொடங்கியது என்று அடுத்த செய்தி. அம்மாவிடம் காட்டினேன். எண்களையெல்லாம் தள்ளிவிட்டு, படத்தின் ஓரத்தில் தெரிந்த பாப்பாவைப் பெரிதாக்கிப் பார்த்தார். கன்னம் சிவந்து, கம்பளித் தொப்பியோடு மைலோ குடித்துக்கொண்டிருந்தாள்.