செல்ஃப் எடுக்காத காரும் ஓர் எர்த் பட்டையும்

ஐப்பசி அடைமழை சற்று ஓய்ந்த ஒரு காலையில், 11 வயதான என் டீசல் காரின் சாவியைத் திருப்பியபோது கனமாக ஒரே ஒரு 'டக்' ஓசை எழுந்ததே தவிர, செல்ஃப் எடுக்கவில்லை. முகப்பு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஹாரனும் கணீரென்று ஒலித்தது. வந்து பார்த்த மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொன்னார். அதை வாங்கி எட்டு மாதமே ஆகியிருந்ததால் என் மனம் ஒப்பவில்லை.

செல்ஃப் மோட்டார் சுற்றியும் இஞ்சின் பிடிக்காவிட்டால் எரிபொருள் பக்கம் தேடலாம்; மோட்டாரே சுற்றாதபோது அங்கே போக வேண்டியதில்லை. 'டக்டக்டக்' என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். ஓசையே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு டக் என்றால் சொலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்தச் சுவிட்ச்) இழுக்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாரே பழுது என்று கொள்ளலாம்.

வோல்ட்டேஜை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். சும்மா இருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது; முழுதாகச் சார்ஜ் ஏறியதன் அளவு அது. ஆனால் சுமை ஏற்றாமல் எடுத்த அளவை நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, மனைவியைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். பேட்டரி 11.7 வோல்ட்டுக்கு மட்டுமே இறங்கியது. நலிந்த பேட்டரி அந்த நேரத்தில் 9.6 வோல்ட்டுக்கும் கீழே போய்விடும். ஆகவே குறை வேறிடத்தில்தான் இருக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினலிலும் மறுமுனையை இஞ்சின் பிளாக்கிலும் வைத்து, மீண்டும் சாவியைத் திருப்பச் சொல்லிப் பார்த்தபோது, 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாத இடத்தில் 8 வோல்ட் நின்றது.

விளக்குகள் மங்காததன் காரணம் அப்போது விளங்கியது. விளக்குகளுக்கு வேண்டியது ஏறத்தாழ 10 ஆம்பியர்; அது பாடி வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடுகிறது. டீசல் காரின் செல்ஃப் மோட்டாரோ 200 ஆம்பியருக்கு மேல் கேட்கும். அத்தனையும் இஞ்சினிலிருந்து, அதைப் பேட்டரியின் நெகட்டிவோடு இணைக்கும் எர்த் பட்டை வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். அந்தப் பாதையில் 0.05 ஓம் தடை இருந்தாலே வோல்ட்டேஜின் பெரும்பகுதி அங்கேயே வீணாகிவிடும்.

சந்தேகம் தீர, ஜம்பர் கேபிளால் நெகட்டிவ் டெர்மினலை இஞ்சினின் தூக்குக் கொக்கியோடு நேராக இணைத்தேன். முதல் திருப்பிலேயே வண்டி எடுத்தது.

பிறகு நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றி வைத்துவிட்டு, பேட்டரித் தட்டுக்கு அடியில் கியர்பாக்ஸோடு சேரும் பட்டையை அவிழ்த்தேன். பச்சையாகக் களிம்பேறி, இழைகளில் பாதி அறுந்திருந்தன. போல்ட் உட்காரும் இடங்களை வெள்ளை உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, புதுப் பட்டையை முடுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். இப்போது அதே அளவு 0.1 வோல்ட்; பேட்டரி பழையதேதான்.