நாலரைக் கட்டையில் என் குரல்

பள்ளியில் பாடம் நடத்துகிறவர்களுக்கு மாலை நாலு மணிக்குக் குரல் என்ன கதியில் இருக்கும் என்று தெரியும். கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. ஒரே ஹாலில் இரண்டு வகுப்பு, நடுவில் தடுப்புகூடக் கிடையாது. அங்கே ஆறாம் வகுப்புக் கணக்கு, இங்கே ஏழாம் வகுப்பு வரலாறு. இரண்டுக்கும் நடுவே கத்திக் கத்தித் தேய்ந்த குரலை வைத்துக்கொண்டுதான் நாற்பது வயதுக்கு மேல் பாட்டு கற்றுக்கொள்ளப் போனேன். இன்று ஸ்ரீரங்கத்தில் மார்கழி பஜனையில் முன்வரிசையில் நின்று சுருதி விலகாமல் பாடுகிறேன். நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்தாலும் தொண்டை கட்டுவதில்லை. எப்படி என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பாட்டு வகுப்பைவிட மருத்துவரிடம் போனதுதான் முதலில் சொல்ல வேண்டியது. மாதக்கணக்கில் குரல் கரகரத்துக்கொண்டே இருந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். குரல்வளைக்குள் வெள்ளையாக இரண்டு மடிப்புகள், 'வி' வடிவத்தில். பேசச் சொன்னதும் ஒன்றோடொன்று சேர்ந்து அதிர்ந்தன. பெண்கள் பேசும்போது அவை நொடிக்குச் சுமார் 200 தடவை அதிர்கின்றன என்றார். முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு பக்கமும் ஓரம் சிவந்து லேசாக வீங்கியிருந்தது. கத்திப் பேசுகிறவர்களுக்கு முடிச்சு விழுவது சரியாக அந்த இடத்தில்தானாம். எனக்கு இன்னும் விழவில்லை. "பாடலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "தாராளமாப் பாடுங்க. சரியாப் பாடினா இதுக்கு நல்லதுதான். கத்துறதை நிறுத்துங்க" என்றார்.

சரி, சரியாகப் பாடுவது என்றால் என்ன? நான் முதலில் சேர்ந்த வகுப்பில் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். பத்து வயதுப் பெண் குழந்தைகளும் என்னைப் போன்ற பெரியவர்களும் கலந்து. எல்லாருக்கும் ஒரே சுருதி, ஐந்தரைக் கட்டை. நம் 'ஸா' எந்த உயரத்தில் நிற்கிறது என்று சொல்லும் அளவுதான் கட்டை; எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். குழந்தைகளுக்கு அது சுகமாக இருந்தது. எனக்கு மேல் ஸட்ஜத்துக்கு, அதாவது மேல் 'ஸா'வுக்கு, போகும்போதே கழுத்து நரம்பு புடைத்தது. சுருதியைக் குறைக்கலாமா என்று கேட்டதற்கு, "பாடப் பாடப் பழகிடும்" என்று பதில் வந்தது. பழகவில்லை. ஒவ்வொருவருடைய குரலுக்கும் ஒரு கட்டை உண்டு. அதைக் கண்டுபிடித்துக் கொடுக்காமல் பாட்டு சொல்லிக்கொடுப்பது நியாயமே இல்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம்தான் சித்திரை வீதியில் ஒரு மாமியிடம் போய்ச் சேர்ந்தேன். வயது எழுபதைத் தாண்டியவர். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பாடம். கூடத்து மூலையில் தஞ்சாவூர்த் தம்பூரா, பலா மரத்தில் செய்தது. முதல் நாள் அவர் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெறுமனே பேச வைத்தார். பள்ளிக்கூடத்தைப் பற்றி, வீட்டைப் பற்றி. பேசிக்கொண்டிருக்கும்போதே தம்பூராவின் பிரடையை, அதாவது தந்தியை முறுக்கும் ஆணியை, திருகிச் சுருதியை இறக்கிக்கொண்டே வந்தார். நாலரைக் கட்டையில் நின்றார். "இப்ப ஸா சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். கீழே மந்தர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயியின் 'ப', காற்றாகப் போகாமல் கேட்டது. மேலே தார காந்தாரம், அதாவது மேல் ஸ்தாயியின் 'க' வரை முகம் கோணாமல் போக முடிந்தது. "இதான் உங்க இடம். மேல பஞ்சமம் தானா வரும், துரத்த வேண்டாம்" என்றார். ஐந்தரைக்கும் நாலரைக்கும் நடுவே இரண்டே ஸ்வர ஸ்தானங்கள். அதற்குள் என் தொண்டையின் நிம்மதி முழுக்க இருந்தது.

இரண்டாவது வாரம் என்று நினைக்கிறேன், ஆரம்பப் பாடமான ஸரளி வரிசையை நான் கணீரென்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "டீச்சர், இங்க நீங்க யாரையும் அடக்க வேண்டாம். நானும் தம்பூராவும்தான் இருக்கோம். எங்களுக்குக் கேக்கறாப்ல பாடினா போறும்." என் பயிற்சி முழுவதும் இந்த ஒரு சொல்லில் இருந்து கிளம்பியதுதான்.

அதன்பின் நெடுநாள் ஸட்ஜம் மட்டும்தான். காலை ஐந்து மணிக்கு எழுந்து, வெந்நீர் குடித்துவிட்டு, செல்போனில் தம்பூரா செயலியைப் போட்டுக்கொண்டு, பேசும் குரலைவிடச் சற்று மெதுவாக ஸா. ஒரு மூச்சு முடியும்வரை ஒரே ஸா. அலுப்பான வேலை மாதிரித் தெரியும். ஆனால் கவனித்துக் கேட்க ஆரம்பித்தால் அதற்குள் ஏகப்பட்ட விஷயம் நடக்கிறது. நாலரைக் கட்டை ஸட்ஜம் நொடிக்கு 185 அதிர்வு. நம் குரல் 188-இல் நின்றால் இரண்டு ஒலியும் மோதி, நொடிக்கு மூன்று தடவை 'வ்வ வ்வ வ்வ' என்று ஓர் அலை எழும்பும். குரலைப் பொடிப்பொடியாக இறக்கினால் அந்த அலை இரண்டாகும், ஒன்றாகும், நீளும், பிறகு காணாமல் போகும். அந்தக் கணத்தில் என் குரல் எது, தம்பூரா எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சுருதி சேர்வது என்று ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம். இப்படி அலை அடங்குவதைக் காதால் பிடித்த பிறகுதான் அது எனக்கு உடம்பில் ஏறியது. முதலில் மாறியது என் குரல் இல்லை, காதுதான்.

மாமி வீட்டுத் தம்பூராவில் இன்னொன்றும் கிடைத்தது. குதிரைமேல் தந்திக்கு அடியில் ஒரு நூலை வைத்து நகர்த்துவார்கள், ஜீவா என்று பெயர். அது சரியான இடத்தில் உட்கார்ந்ததும் தந்தி ரீங்காரமிடும். அந்த ரீங்காரத்துக்குள், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம், 'க'வின் உயர்ந்த வகை, தானாக ஒலிக்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். ஆரம்ப வரிசைகளைப் பாடும் மாயாமாளவகௌளை ராகத்தில் வருவதும் அதே அந்தர காந்தாரம்தான். என் காந்தாரம் எப்போதும் கொஞ்சம் கீழே தொங்கும். "தம்பூரா பாடிக் காட்டறதே, அதுகிட்டயே கேட்டுக்கோங்கோ" என்பார். கேட்டுக் கேட்டுத்தான் சரியாயிற்று.

மூச்சு அடுத்தது. 'நாபியிலிருந்து பாடு' என்று எல்லாரும் சொல்வார்கள், எப்படி என்று யாரும் சொல்வதில்லை. மாமி என் இரண்டு கையையும் கீழ் விலா எலும்பின்மேல் வைத்துக்கொள்ளச் சொன்னார். மூச்சு இழுக்கும்போது தோள் உயரக் கூடாது, கை இரண்டும் பக்கவாட்டில் விலக வேண்டும். பாடும்போது விலா சட்டென்று உள்ளே விழாமல் மெதுவாக இறங்க வேண்டும். இதை ஆதி தாளம் போட்டுக்கொண்டு, ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டு அட்சரம் கொண்ட ஒரு தாளச் சுற்று, முழுக்க ஒரே ஸ்வரம் என்று ஆரம்பித்தேன். நொடிக்கு ஒரு அட்சரம் என்று வைத்தால் எட்டு நொடி. ஆரம்பத்தில் கடைசி இரண்டு அட்சரம் நடுங்கும். இரண்டு ஆவர்த்தனம், அதாவது 16 நொடி, நடுக்கமில்லாமல் நிற்க நல்ல பல மாதங்கள் பிடித்தன.

அகாரம் தனிப் போராட்டம். ஸ ரி க ம என்று பெயர் சொல்லிப் பாடும்போது ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு பிடிமானம் இருக்கிறது. அதே வரிசையை வெறும் 'ஆ'காரத்தில் பாடச் சொன்னால் பிடிமானம் போய், ரிஷபமும் காந்தாரமும் குழைந்துவிடும். கண்ணாடி முன் உட்கார்ந்து பயிற்சி செய்தேன். 'ஆ' என்னும்போது என் தாடை பாதிதான் திறந்தது, நாக்கு பின்னால் சுருண்டுகொண்டது. நாக்கு நுனி கீழ்ப் பல் வரிசையைத் தொட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டும், தாடை தொங்கவிட்டாற்போல் இருக்க வேண்டும். இதைத் திருத்திய வாரத்திலேயே குரலில் ஒரு திறப்பு வந்தது. வீட்டில் என் பெண் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அம்மா, செயலியில யாராவது பாடுறாங்களா?" என்று கேட்டாள்.

ஜண்டை வரிசைக்கு வந்தபோது பழைய கரகரப்பு தலைகாட்டியது. ஸஸ ரிரி கக என்று இரட்டையாக வரும்போது இரண்டாவது ஸ்வரத்துக்கு ஓர் அழுத்தம் வேண்டும். அதைத் தொண்டையில் கொடுத்தால் அந்த இரண்டு மடிப்பும் அடித்துக்கொள்ளும். மேல் வயிற்றில் ஒரு சின்ன உந்தல் கொடுத்தால் போதும், தொண்டை சும்மா இருக்கும். அவசரமே வேண்டாம் என்று மாமி மூன்றாம் காலத்தை, அதாவது மூன்றாவது வேகத்தை, நெடுநாள் தள்ளியே வைத்தார்.

இத்தனைக்கும் நடுவில் பள்ளிக்கூடம் இருக்கிறதே. காலையில் சேர்த்ததைப் பகலில் கரைத்தால் என்ன பயன்? மருத்துவர் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார். அவர் சொல்லிக்கொடுத்த ஒன்றை இன்றுவரை விடவில்லை. டம்ளரில் பாதித் தண்ணீர், அதில் ஒரு ஜூஸ் ஸ்ட்ரா, நுனி இரண்டு விரற்கடை முங்கியிருக்கும்படி. ஸ்ட்ரா வழியாக 'ஊ' என்று குரல் கொடுத்தால் குமிழி ஒரே சீராக வர வேண்டும். வாயில் காற்று தேங்கித் திரும்பத் தருகிற அழுத்தத்தால் மடிப்புகள் பலமாக மோதாமலே அதிர்கின்றன என்று விளக்கினார். மதிய இடைவேளையில் ஐந்து நிமிடம் செய்தால் பிற்பகல் வகுப்புக்குக் குரல் புதிதாக வரும். செருமுவதையும் நிறுத்தச் சொன்னார், அதுவும் அடிதான். செருமத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர். வகுப்புக்கு இடுப்பில் மாட்டும் சின்ன ஸ்பீக்கரும் தலையில் மாட்டும் மைக்கும் வாங்கினேன். முதல் வாரம் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது. ஆசிரியர்களுக்கு இதைப் பள்ளியே வாங்கித் தர வேண்டும் என்று கூட்டங்களில் இப்போது நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பனங்கற்கண்டு, மிளகுப் பால், அதிமதுரம் எல்லாம் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கிறது, நானும் குடிக்கிறேன். ஆனால் விழுங்குவது எதுவும் குரல் மடிப்பைத் தொடுவதில்லை. விழுங்கும்போது அந்த வழி மூடிக்கொள்கிறது. நாள் முழுக்க உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வதும், வறட்டு இருமல் நாட்களில் வெறும் ஆவி பிடிப்பதும்தான் எனக்குப் பலன் தந்தன. இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு மாற்றியதும் பெரிய உதவி. லேட்டாகச் சாப்பிட்டுப் படுத்தால் வயிற்று அமிலம் மேலேறி, காலை ஸட்ஜமே கரகரக்கும்.

சளி, காய்ச்சல் நாட்களில் பாடுவதில்லை. அப்போதும் தம்பூராவைப் போட்டுக்கொண்டு மனசுக்குள் வரிசை ஓட்டுவேன். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் குரல் அடைப்பு நீடித்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். இதை ஆசிரியைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன், நம்மில் பலர் அதை வேலையோடு வந்த சீர் என்று எடுத்துக்கொள்கிறோம்.

போன விடுமுறையில் மறுபடி கேமரா வைத்துப் பார்த்தார்கள். சிவப்பும் வீக்கமும் இல்லை, ஓரம் நேராக இருக்கிறது. இப்போது மோகன ராகத்தில் வர்ணம் நடக்கிறது, வரிசைகளுக்கு மேல்படியான பாடம். தார பஞ்சமம் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. வராத நாளில் மாமி அந்த இடத்தில் தானே பாடிவிட்டு என்னைக் கேட்கச் சொல்கிறார். அதில் ஸ்வரமாகவே வரும் பகுதியான சிட்டைஸ்வரத்தை இரண்டாம் காலத்தில் ஓட்டலாமா என்று போன வாரம் கேட்டேன். அகாரத்தில் முதல் காலம் சுத்தமாகட்டும் என்றார். இந்த வாரமும் முதல் காலம்தான்.